ஆச்சியின் வலது முட்டி: 73 வயது, 19 வருடச் சர்க்கரை, ஓர் அறுவை சிகிச்சை முடிவு

நோயாளி 73 வயதுப் பெண். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பைக்கு வந்த நாளிலிருந்து தாராவியில்தான் வாசம். வீட்டிலேயே இட்லி அவித்து, கணவரும் பிறகு மகனும் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்று, அதில் பிள்ளைகளை வளர்த்தவர். சர்க்கரை நோய் 19 வருடமாக, ரத்தக் கொதிப்பு 12 வருடமாக. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் வலது மூட்டில் இடைவெளியே இல்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது. இடது ஒரு படி பரவாயில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு முட்டியையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்றிருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1 இருந்ததால், "சுகரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு சீட்டும் எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டோடுதான் மகனும் மருமகளும் ஆச்சியை என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் முதியவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர். ஆச்சியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் இரண்டு கட்சி. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்பது மகன். "இந்த வயசுல, இவ்வளவு சுகரை வச்சுக்கிட்டு கத்தி வேண்டாம்" என்பது ஆண்டாப் ஹில்லில் இருக்கும் மகள். இரு தரப்பும் விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு: ஆச்சியை நடக்கவிடாமல் செய்வது எது? அதற்குப் பதில் தெரியாமல் சர்க்கரையை மட்டும் குறைத்து அனுப்பினால், முட்டி மாறும், ஆச்சியின் நிலை மாறாது.

வலி ஒன்றா, மூன்றா

"கால் வலி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆச்சியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது மூன்று வேறு தொல்லைகள் வெளியே வந்தன.

முதலாவது, படி ஏறி இறங்கும்போதும் குந்தி எழும்போதும் வலது முட்டியில் வரும் வலி. இது மூட்டுத் தேய்மானம், சந்தேகமில்லை. இரண்டாவதை அவர் சொன்ன விதம்: "ராத்திரி ஆச்சுன்னா பாதத்துல தீய வச்ச மாதிரி எரியுது டாக்டரம்மா." பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை வைத்து அழுத்தினேன். பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்பகுதியிலும் உணர்ச்சி இல்லை. இது சர்க்கரையால் நரம்பு கெட்டதன் எரிச்சல். எந்த முட்டி மாற்றமும் இதைத் தொடாது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனித்திருக்கவில்லை. கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். முட்டி மடங்கி விழுந்தார் என்று மகன் நினைத்திருந்தார். "முட்டி ஒண்ணும் பண்ணல தாயி, எந்திரிச்ச ஒடனே கிறுகிறுன்னு வந்துச்சு" என்றார் ஆச்சி. படுக்கவைத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 148/80. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 118/70. மேல் எண் 20 குறைந்தாலே கவலைப்படவேண்டும், இங்கே 30 குறைந்திருந்தது.

ஏன் என்று தேடியபோது ஆச்சியின் வீடே பாதிக் காரணம் என்று தெரிந்தது. அந்தச் சந்தில் யார் வீட்டிலும் கழிப்பறை இல்லை, பொதுக் கழிப்பறைக்குப் போகவேண்டும். முட்டி வலியோடு அங்கே போய்க் குந்த முடியாது என்பதால், போகும் தடவைகளைக் குறைக்க ஆச்சி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதே நேரத்தில் அவர் சாப்பிட்டு வந்த கொதிப்பு மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தது. சர்க்கரைக்கான டபாக்லிஃப்ளோசினும் சிறுநீரைக் கூட்டும். நரம்புச் சேதத்தால், நிற்கும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொடுக்கும் வேகமும் குறைந்திருந்தது. எல்லாம் சேர்ந்து உடம்பில் நீர் வற்றி, எழுந்தால் தலை சுற்றியது. இந்த நிலையில் முட்டியை மாற்றியிருந்தால், புது முட்டியோடு விழுந்திருப்பார்.

மருந்துக் கடை மாத்திரையும் 9.1 என்ற எண்ணும்

மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். இதை எல்லா முதியவர்களிடமும் செய்வேன். சீட்டில் இல்லாத ஒன்று அதில் கிடந்தது: டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. தெருமுனை மருந்துக் கடையில் நான்கு வருடமாக வாங்கி, ஒரு நாளைக்கு ஒன்று, வலி கூடினால் இரண்டு. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3. அவர் வயதுக்குக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு 43, அதாவது பாதிக்கும் கீழே. ஹீமோகுளோபின் 9.4, இரும்புச் சத்து அடிமட்டத்தில். எண்டோஸ்கோபியில் இரைப்பை முழுக்கச் சிறு புண்கள். சொட்டுச் சொட்டாக வருடக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது.

"வயசாச்சு, கத்தி வேண்டாம், மாத்திரையிலேயே ஓட்டலாம்" என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். அறுவை செய்யாமல் இருப்பதை எல்லோரும் பத்திரமான வழி என்று எண்ணிக்கொள்கிறோம். ஆச்சி விஷயத்தில் அந்தப் பத்திரமான வழிதான் சிறுநீரகத்தையும் வயிற்றையும் தின்றுகொண்டிருந்தது. செய்தால் என்ன ஆபத்து என்று கேட்கும் குடும்பம், செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்றும் அதே மூச்சில் கேட்கவேண்டும்.

அடுத்து அந்த 9.1. எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி. இரும்புச் சத்துக் குறைவில் ரத்தச் சிவப்பணுக்கள் அதிக நாள் தங்குவதால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சராசரி என்பதால் ஏற்ற இறக்கத்தையும் மறைத்துவிடும். மருமகளிடம் ஒரு குளுக்கோமீட்டரைக் கொடுத்து ஒரு வாரம் குறித்து வரச்சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்குப் பின் 290, 310 என்று வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு நாள் 58. "அத்தை சில நாள் ராத்திரி வேர்த்துப்போய் எந்திரிச்சு பிஸ்கட் தேடுவாங்க, பசின்னு நினைச்சேன்" என்றார் மருமகள். இருவேளை கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இரவில் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். "சுகரைக் குறைத்து வாருங்கள்" என்ற சீட்டுக்குக் கீழ்ப்படிந்து கிளிமிபிரைடைக் கூட்டியிருந்தால் 9.1 என்பது 7.5 ஆகியிருக்கும், ஆச்சி ஒரு விடியற்காலையில் எழுந்திருக்காமலே போயிருக்கலாம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கு முன் முடிந்தவரை எச்பிஏ1சி 8க்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. நல்ல குறி. முட்டி மாற்றத்தில் வைக்கும் உலோகத்தில் கிருமி பிடித்தால் சில சமயம் அதைக் கழற்றி எடுக்கவேண்டிவரும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆனால் 8 என்பதை நுழைவுச்சீட்டாக மட்டும் பார்த்து, எந்த வழியில் அங்கே வந்தோம் என்று பார்க்காமல் விடக்கூடாது.

இந்தப் பேச்சு எல்லாம் தள்ளிப்போடக்கூடிய அறுவைக்கு மட்டும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கோ, பாதத்தில் சீழ் வைத்தவருக்கோ "சுகர் இறங்கட்டும்" என்று வாரக்கணக்கில் காத்திருப்பது தவறு. அங்கே இன்சுலினை ஏற்றிக்கொண்டே ஓரிரு நாளில் அறுவைக்குப் போகவேண்டும்.

ஆச்சிக்கு என்ன வேண்டும்

மகனும் மகளும் வாதாடிக்கொண்டிருந்த நாளில் ஆச்சியிடம் கேட்டேன்: முட்டி சரியானால் எதை முதலில் செய்ய ஆசை?

"வாளியத் தூக்கிக்கிட்டு கக்கூஸுக்கு நானே போவணும். மருமவ கையப் புடிச்சுக்கிட்டு லைன்ல நிக்கது எனக்குச் சாவ விட மோசமா இருக்கு. அப்புறம் ஊர்ல அம்மன் கொடைக்கு ஒரு தடவ போவணும்."

முட்டி மாற்றிய பிறகு குந்துவதும் சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவதும் கூடாது என்பதுதான் பெரும்பாலான அறுவை மருத்துவர்களின் அறிவுரை. பொதுக் கழிப்பறையோ குந்தும் கழிப்பறை. அப்படியானால் ஆச்சி ஆசைப்படும் முதல் விஷயத்தை அறுவை மட்டும் கொடுத்துவிடாது. இதை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்காமல் முட்டியைப் பற்றி முடிவெடுப்பது எனக்குப் புரியாத விஷயம். அவர் படுப்பது கீழ் அறையிலா, செங்குத்தான இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடியிலா? பொதுக் கழிப்பறை எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் சந்து எப்படி இருக்கும்? இவையும் ரத்தப் பரிசோதனை அளவுக்கு முக்கியம்.

மருமகள்தான் வழி சொன்னார். ஆண்டாப் ஹில்லில் நாத்தனாருக்குக் குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீடு, லிஃப்டும் உட்காரும் கழிப்பறையும் உள்ளது. அறுவைக்கு முன்னும் பின்னும் ஆச்சி அங்கே இருக்கலாம். தாராவிக்குத் திரும்பிய பின், நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலியைப் பொதுக் கழிப்பறைக்கு எடுத்துப்போய் மேலே வைத்துக்கொள்ளலாம். அறுவைக்கு எதிர்க் கட்சியில் இருந்த மகள், "என் வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுதேன், ஆனா அவசரப்பட மாட்டீங்கன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

தாங்குமா

வயதைக் கேட்டு அறுவை மறுப்பதும், வயதைப் பார்க்காமல் செய்வதும் ஒரே தவறு. உடம்பில் எவ்வளவு இருப்பு மிச்சம் என்று அளக்கவேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆச்சிக்கு 22 விநாடி ஆனது. 15க்கு மேல் போனால் தசை பலம் குறைவு என்று கொள்வோம். கைப்பிடி பலம் 15 கிலோ, ஆசியப் பெண்களுக்கு 18க்குக் கீழ் என்றால் குறைவு. முட்டி வலியால் மட்டும் கை தளராது. இட்லி, காபி, கட்டிங் சாய், ரஸ்க் என்று ஓடிய சாப்பாட்டில் புரதமே இல்லை.

இதயத்தை அளப்பதில் ஒரு சிக்கல். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பது வழக்கம். முட்டி வலியால் ஏறவே முடியாதவரிடம் அந்தக் கேள்வி பயன்படாது. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் இதய அடைப்பு இருக்கலாம். ஈசிஜி, எக்கோ எடுத்தோம், இதயம் ரத்தம் இறைக்கும் திறன் சாதாரணமாக இருந்தது. "ஆஞ்சியோவும் எடுத்துடலாமே" என்றார் மகன். அறிகுறி இல்லாதவருக்கு அறுவைக்கு முன் ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைப்பதால் அறுவை பத்திரமாகிவிடுவதில்லை. ஆஞ்சியோவில் ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் தளர்த்தக்கூடும். வேண்டாம் என்றேன்.

நினைவாற்றல் சோதனையில் கடிகாரம் வரையச் சொல்வது உண்டு. பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கு அது நியாயமான சோதனை இல்லை. இத்தனை கிலோ அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை இட்லி, விற்றால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். என்னைவிட வேகமாகச் சொன்னார். மூளை தெளிவு. ஆனாலும் வயது, காது மந்தம், சிறுநீரகத் தளர்ச்சி இருப்பதால் அறுவைக்குப் பின் சில நாள் மனக் குழப்பம் வர வாய்ப்பு உண்டு என்று குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

முடிவெடுத்த நாள்

மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், நான், குடும்பம், நடுவில் ஆச்சி. தமிழிலும் பம்பாய் இந்தியிலுமாகப் பேசினோம்.

டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பாதிப் பேருக்கு முட்டி மாற்றமும் உடற்பயிற்சி முதலிய சிகிச்சையும், மீதிப் பேருக்கு அறுவை இல்லாத சிகிச்சை மட்டும். ஒரு வருடத்தில் அறுவைக் குழுவின் முன்னேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தீவிரப் பாதகங்களும் அந்தக் குழுவில்தான் அதிகம்: அங்கே 24, மற்றக் குழுவில் 6. அறுவை இல்லாத 50 பேரில் 13 பேர் அந்த வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்கள், மீதிப் பேர் போகவில்லை. இதைச் சொன்னதும் மகனும் மகளும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பாதியும் உண்மைதான்.

இரண்டு முட்டியும் ஒரே நாளில் என்ற யோசனையை மூன்று மருத்துவர்களும் மறுத்தோம். ரத்த இழப்பு கூடும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை கூடும். இந்தச் சிறுநீரகத்துக்கும் இந்த ஹீமோகுளோபினுக்கும் அது சூதாட்டம். ஒருமுறை படுத்தால் போதுமே, செலவும் மிச்சமே என்ற மகனின் எண்ணத்தில் தவறில்லை, அன்றாடம் உழைத்தால்தான் காசு என்ற வீட்டில் அப்படித்தான் யோசிப்பார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்த பிறகும், தனியாரில் மொத்தப் பில் இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எட்டாத தொகைதான்.

முடிவு: இப்போது வேண்டாம். உடம்பைத் தயார் செய்து, பிறகு ஆச்சிக்கு அப்போதும் விருப்பம் இருந்தால் வலது முட்டி மட்டும். பாத எரிச்சல் போகாது, தரையில் உட்கார முடியாது, மாற்றிய பிறகும் சிலருக்கு வலி மிஞ்சும். இந்த மூன்றையும் ஆச்சி தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை.

காத்திருந்த ஐந்து மாதம்

டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தினோம். பதிலுக்கு பாராசிட்டமாலும், மேலே தடவும் ஜெல்லும். முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று மகன் கேட்டார். அது சில நாட்களுக்குச் சர்க்கரையைக் கிளப்பும், போட்ட மூன்று மாதத்துக்குள் முட்டியை மாற்றினால் கிருமித் தொற்று ஆபத்தும் கூடும். தவிர்த்தோம். நீர் பிரிக்கும் மருந்தை எடுத்துவிட்டேன். டபாக்லிஃப்ளோசினை நிறுத்தி, மகள் வீட்டுக்குப் போய்த் தாராளமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு சிறுநீரகத்துக்காக மறுபடி சேர்த்தேன். சர்க்கரை மருந்துகளில் கிளிமிபிரைடு போனது, மெட்ஃபார்மின் பாதியானது, லினாக்லிப்டின் மாத்திரையும் காலையில் சிறிதளவு கிளார்ஜின் இன்சுலினும் வந்தன. நீண்ட கால மெட்ஃபார்மினால் பி12 குறைந்திருந்தது, அதற்கு ஊசி. இரும்புச் சத்து நரம்பு வழியாக.

எரிச்சலுக்கு பிரீகாபலின் மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தேன். காலையில் தள்ளாடினார், நிறுத்திவிட்டேன். கால்விரல் இடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணை ஆற்றினோம், ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். உலோகம் வைக்கும் முன் உடம்பில் கிருமி தங்கும் இடம் எதுவும் இருக்கக்கூடாது.

பயிற்சி எளிமையானது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்து நிற்பது. பேத்தி எண்ணிக்கை சொல்ல, தினம் இரண்டு வேளை. சாப்பாட்டில் முட்டையும், கொழுப்பில்லாத மீனும், இட்லியைக் குறைத்து பாசிப்பயறு தோசையும். இட்லி விற்றே வாழ்ந்தவரிடம் இட்லியைக் குறைக்கச் சொல்வது எளிதாக இல்லை. சில நாட்கள் கோபித்துக்கொண்டு என்னோடு பேசவில்லை.

ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8, கிரியாட்டினின் 1.1, நாற்காலிச் சோதனை 16 விநாடி. நின்றால் ரத்த அழுத்தம் குறைவது 12 மட்டும், விழவே இல்லை. எச்பிஏ1சி 7.7. இரும்பு ஏற்றிய பின் புதுச் சிவப்பணுக்கள் பெருகும்போது இந்த எண் சற்றுக் கூடுதலாகவே இறங்கிக் காட்டும் என்பதால், குளுக்கோமீட்டர் குறிப்பைத்தான் நம்பினோம். பெரும்பாலும் 110க்கும் 190க்கும் இடையில் இருந்தது, இரவில் 90க்குக் கீழே ஒருமுறையும் போகவில்லை.

மறுபடியும் கேட்டேன். "செஞ்சுருங்க" என்றார்.

அறுவையும் அடுத்த நாட்களும்

டபாக்லிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்தினோம். அறுவையின்போது அந்த மருந்து உடம்பில் இருந்தால் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். மெட்ஃபார்மின் அன்று காலை இல்லை. பட்டினி நேரம் நீளாதபடி அன்றைய பட்டியலில் முதல் ஆளாக எடுத்தார்கள். முதுகில் ஊசி, தொடையில் நரம்பு மரப்பு. சர்க்கரையை 100க்கும் 180க்கும் நடுவே வைக்க நினைத்தோம். வாந்தியைத் தடுக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் அன்று மாலை 240 வரை போய், இன்சுலினால் இறங்கியது.

இரண்டாம் இரவு மனக் குழப்பம் வந்தது. "மணி நாலு ஆச்சு, அரிசி நனையப் போட்டாச்சா?" என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். முதியவர் குழம்பினால் உடனே தூக்க மருந்து போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, முதலில் காரணம் தேடவேண்டும். வலிக்கு டிராமடால் போயிருந்தது. அடிவயிற்றைத் தொட்டால் சிறுநீர்ப்பை நிரம்பி நின்றது. சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாமல் போகும், முதுகு ஊசிக்குப் பிறகு இன்னும் மந்தமாகும். குழாய் வைத்து வடித்தோம், டிராமடாலை நிறுத்தினோம். கண்ணாடியை மாட்டிவிட்டு மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். இரவுப் பணியில் இருந்த மலையாளி நர்ஸுக்கு ஆச்சியின் தமிழ் புரிந்தது பெரிய உதவி. நான்காம் நாள் தெளிந்தார். முன்பே சொல்லிவைத்திருந்ததால் மகள் பதறவில்லை. "ஆபரேஷன் பண்ணி அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று எத்தனையோ குடும்பங்கள் வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காயம் தொல்லையில்லாமல் ஆறியது. மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பினார்.

ஆறு மாதம் கழித்து

வலது முட்டியில் வலி இல்லை. 90 அடி ரோடு சந்தை வரை கைத்தடியோடு போய் வருகிறார். கழிப்பறைக்குத் தனியாகப் போகிறார். கமோட் நாற்காலியைப் பேரன் முன்னே தூக்கிப்போய் வைத்துவிட்டு வந்துவிடுவான், வாளி ஆச்சி கையில். நாற்காலிச் சோதனை 13 விநாடி. வலி மாத்திரை அறவே இல்லை. பாத எரிச்சல் அப்படியே இருக்கிறது. "அது போவாதுன்னு நீங்கதான் அப்பவே சொல்லிட்டியளே" என்கிறார். ஊர்க் கொடைக்குப் போய்வந்தார், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில் மட்டும் மனக்குறை.

இப்போது பேச்சு இடது முட்டியைப் பற்றி. மகனுக்கு ஆசை, எலும்பு மருத்துவரும் செய்யலாம் என்கிறார். ஆச்சி வேண்டாம் என்கிறார். வலது நன்றாக இருப்பதால் இடது தாங்கிக்கொள்கிறது, அந்த இரண்டாம் இரவை மறுபடி பார்க்க அவருக்கு விருப்பமில்லை. அவர் பக்கம்தான் நானும். வலி மாத்திரை மறுபடி தேவைப்பட்டால், அல்லது விழுந்தால், அல்லது ஆச்சியே கேட்டால் திரும்பவும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் பாதப் பரிசோதனை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம்.